யாரும் சாகாத வீட்டில் கேட்ட கேதம்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழை ஓய்ந்த வாரம். போடிநாயக்கனூருக்கு மேலே இருக்கும் ஒரு ஏலத் தோட்டத்தை விட்டு மலையிறங்கி நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதற்குள் கைலி, போர்வை, சார்ஜ் தீர்ந்த போன். சார்ஜ் இருந்திருந்தாலும் கூப்பிட ஆள் கிடையாது என்பதால் அது எனக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை.

தோட்டத்தில் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். காற்றிலும் மழையிலும் நிழல் மரங்கள் ஏலச்செடிகள் மேலேயே விழுந்து கிடந்தன. காய் உலர்த்தும் ஸ்டோரின் தகரக் கூரை பறந்து எங்கோ பள்ளத்தில் கிடந்தது. "தை பொறந்து பாப்போம், எல்லாரும் அவுகவுக ஊருக்குப் போங்க" என்றார் சூப்பர்வைசர். சிலமலை ஆட்களும் தேவாரத்து ஆட்களும் மூட்டையைக் கட்டிக்கொண்டு கூட்டமாக இறங்கிப் போனார்கள். எனக்குப் போக ஊர் இல்லை. கூலியாட்கள் தங்கும் லயத்தில் தனியாக ஒரு நாள் கிடந்து பார்த்தேன். ஆள் இல்லாத லயத்தில் தண்ணீர் சொட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பதைவிட நடப்பது மேல் என்று கிளம்பிவிட்டேன். போடியில் ஏதாவது லோடு வேலை கிடைக்கும், இல்லாவிட்டால் மதுரை ரயிலில் ஏறிவிடலாம் என்பது திட்டம்.

ஜீப்பு போகும் ரோடு இரண்டு இடத்தில் சரிந்து கிடந்தது. அதனால் அந்தக் காலத்துக் கூலியாட்கள் ஏறி இறங்கிய ஒற்றையடிப் பாதையில் போனேன். அது சிறு தோட்டக்காரர்களின் நிலத்துக்குள் புகுந்து போகும். சில இடங்களில் வீட்டு வாசல் வழியாகவே போகும். மலையில் அதை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

உச்சிவெயில் சாய்ந்த நேரத்தில் ஒரு சரிவில் நாலைந்து வீடுகள் தெரிந்தன. பாதை முதல் வீட்டின் வாசலைத் தொட்டுக்கொண்டு போனது. பக்கத்தில் போனதும் கால் நின்றுவிட்டது.

வீட்டுச் சாமான் முழுவதும் வெளியே கிடந்தது. கயிற்றுக் கட்டிலைச் சுவரில் நட்டக்குத்தலாகச் சாத்தியிருந்தார்கள். வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். வாசற்படியில் இன்னும் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. உள்ளே அடுப்பு எரியவில்லை. ஒரு பெண் தலைக்குக் குளித்த கூந்தலை முடியாமல் சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். ஈரத் தலை, ஈரத் துண்டு, பல நாள் தாடி. நெற்றியில் ஒன்றும் இல்லை. நான் வந்து நின்றதைக்கூட அவர் பார்க்கவில்லை.

எங்கள் பக்கத்துக்காரர்கள் யாரிடம் வேண்டுமானாலும் இதைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அது என்ன வீடு என்று சொல்லிவிடுவார்கள். பிணத்தை எடுத்துவிட்டு, வீட்டைக் கழுவிவிட்டு, எரித்தவர்கள் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற வீடு.

சாவு வீட்டைக் கண்டும் காணாததுபோலத் தாண்டிப் போகக் கூடாது. துக்கம் விசாரிப்பதை நாங்கள் கேதம் கேட்பது என்போம். அதற்குச் சொந்தக்காரனாக இருக்க வேண்டும் என்பதில்லை. என் அப்பா இறந்தபோது நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். பெயர் தெரியாத ஆட்கள் எல்லாம் வந்து இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினார்கள். நான் அந்தக் கைகள்மேல் என் கையை வைக்க வேண்டும், அவ்வளவுதான். பேச்சு ஒன்றும் கிடையாது. சொரசொரப்பான கை, சுண்ணாம்பு ஒட்டிய கை, நடுங்குகிற கை. அப்பாவின் முகம் இப்போது சரியாக ஞாபகம் வருவதில்லை. அந்தக் கைகள் ஞாபகம் இருக்கின்றன. பள்ளிக்கூடம் அதோடு நின்றது. அதற்குப் பிறகு எத்தனையோ ஊர் சுற்றியும் நான் தவறாமல் கடைப்பிடித்த ஒரே மரியாதை இதுதான்.

பையை இறக்கி வைத்தேன். செருப்பைக் கழற்றினேன். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் முன்னால் போய்க் குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினேன்.

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். அந்தக் கண்களில் யாரோ வெகு தூரத்திலிருந்து திரும்பி வருவதுபோல இருந்தது. மெல்லத் தன் இரண்டு கைகளையும் தூக்கி என் கைகள்மேல் வைத்தார். ஜில்லென்று இருந்தன.

நான் பக்கத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். பிறகு எழுந்தேன். சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சும்மா எழுந்து நடக்க வேண்டும். அப்படி எழுந்தபோதுதான் பக்கத்து வீட்டு வேலியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"யோவ், யாருய்யா நீ? யாருக்குய்யா கேதம் கேக்குற?"

தலையில் முண்டாசு கட்டிய ஆள், கையில் ஒரு மரவள்ளிக் கிழங்கோடு நின்றார்.

"இல்லண்ணே, துக்க வீடுன்னு..."

"எந்த வீடு துக்க வீடு? வீட்டுக்குள்ள சேறு ஏறிக் கெடந்துச்சு, இன்னைக்குத்தான் கழுவி விட்டாக. இங்க எல்லாரும் குத்துக்கல்லாட்டம் உசுரோட இருக்கோம், நீ பாட்டுக்கு வந்து கையை நீட்டுற! நல்ல வேளை, மாலை கீலை வாங்கிட்டு வராமப் போனயே!"

பின்னால் யாரோ ஒரு பெண் சிரித்தது கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. நல்லபடியாக இருக்கிற மனுஷனிடம் போய்க் கேதம் கேட்பதைவிடப் பெரிய அவச்சொல் எங்கள் பக்கம் கிடையாது. செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். பையை எடுக்கக் குனிந்தேன்.

என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. நாற்காலியில் இருந்தவர்தான்.

"இருய்யா," என்றார். தொண்டை கட்டிக் கிடந்த குரல். "நீ சரியாத்தான் கேட்ட."

சுவரோரம் இருந்த அந்தப் பெண், அவருடைய மனைவி, படக்கென்று நிமிர்ந்தார். வாயில் சேலைத் தலைப்பை வைத்துப் பொத்திக்கொண்டார். வேலியோரத்து ஆளின் நக்கலும் நின்றுவிட்டது. ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது. மலை சரிந்த நாளிலிருந்து அந்த மனுஷர் வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவையாம்.

பிறகு அவர் அழுதார். பெரிய உடம்பு. அழுகை முதுகிலிருந்து வந்தது. என் கையை விடவே இல்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன், கால் மரத்துப் போகும்வரை.

அழுகை அடங்கியதும் பேசினார். வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவு முழுவதும் அவருடைய ஏலத் தோட்டம். அவரும் மனைவியுமாகக் காடு திருத்தி, ஒவ்வொரு குழியாக வெட்டி, தலைச்சுமையாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி வளர்த்தது. அது ஒரே சரிவாக இறங்கிப் பள்ளத்துக்குப் போய்விட்டது. வீடு நூலிழையில் தப்பியது.

"மொதல்ல சத்தம் வரல தம்பி. வாசம்தான் வந்துச்சு. அம்புட்டுச் செடியும் வேரோட பிஞ்சு, நசுங்கி... ஒரு மலையே ஏலக்காயா மணந்துச்சு. இம்புட்டு வாசம் எந்த ஸ்டோர்லயும் நான் மோந்ததில்ல. என்னடி இப்படி மணக்குதுன்னு இவகிட்டக் கேட்டேன். அதுக்கப்புறம்தான் சத்தம்."

அந்த வாசம் மூக்கை விட்டுப் போகவில்லை என்றார். சோற்றில் அதுதான் மணக்கிறது, தண்ணீரில் அதுதான் மணக்கிறது, எதை வாயில் வைப்பது என்றார்.

நான் பெஞ்சைக் காலால் இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எல்லாரும் வந்தாக. ஆபீசரு வந்தாக, போட்டோ எடுத்தாக, அரிசி குடுத்தாக. சொந்தக்காரன் போன் போட்டான். எல்லாரும் ஒண்ணுதான் சொன்னாக. உசுரு தப்புச்சே, அது போதும்னு. அந்தாண்ட மலையில வீட்டோட போயிட்டாக தம்பி, சின்னப் பிள்ளைக உட்பட. அங்க உசுரு போயிருக்கு. நான் இங்க உக்காந்து செடிக்கு அழுதா மனுசன்னு சொல்லுவாகளா? அதான் வாயை மூடிக்கிட்டேன். மூடுனது மூடுனதுதான், தெறக்க வரல."

வேலியோரத்து ஆள் கிழங்கைக் கீழே போட்டுவிட்டு உள்ளே வந்தார். முண்டாசை அவிழ்த்தார். அவருடைய மிளகுக் கொடிகளும் போயிருந்தன என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. அவர் என் பக்கத்தில் வந்து நின்று, கொஞ்சம் தயங்கி, தோட்டக்காரர் முன்னால் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"மாப்ளே," என்றார்.

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அவரைக் கை கால் கழுவ அனுப்பிவிட்டு மனைவி என்னிடம் வந்தார். கூந்தலை அள்ளி முடிந்துகொண்டே மெதுவாகப் பேசினார். பிள்ளைகள் திருப்பூரில் இருக்கிறார்களாம். ரோடு திறந்தால்தான் வர முடியும். இவர் எந்நேரமும் சரிவின் ஓரத்தில் போய் நின்றுகொள்கிறாராம். கூப்பிட்டால் திரும்புவதில்லை. பின்னாலேயே போய் நின்று, துண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. செடிக்கு அடிக்கிற மருந்தையெல்லாம் இந்த அம்மாதான் பக்கத்து வீட்டில் கொடுத்துப் பூட்டி வைக்கச் சொல்லிவிட்டாராம். தான் கண் அசந்தால் ஆள் காணாமல் போய்விடுவாரோ என்று சரியாகத் தூங்கவும் இல்லை.

"நர்சம்மா வந்துச்சு தம்பி. இது மனசுக்கு வந்த சீக்கு, இதுக்குப் பாக்குற டாக்டரு கீழ ஆஸ்பத்திரிக்கு வர்றாரு, கூட்டியாங்கன்னுச்சு. எனக்கென்ன கிறுக்கான்னு ஒரு பார்வை பாத்தாரு பாரு, நான் அதோட விட்டுட்டேன். நீ எங்கயும் போயிராத. இன்னைக்கு ஒரு நாளு இரு."

"சரி மதினி," என்றேன். என்னை ஒருவர் இருக்கச் சொல்லி எத்தனை காலம் ஆகியிருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

துக்க வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். அக்கம்பக்கத்தில்தான் சமைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். இதை யாரும் சொல்லவில்லை, ஆனால் வெயில் இறங்குவதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து அவித்த மரவள்ளிக் கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சட்டினியும் வந்தன. அடுத்த வீட்டிலிருந்து பால் விடாத கட்டஞ்சாயா வந்தது. கொண்டுவந்தவர்கள் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போகவில்லை. வாசலிலேயே உட்கார்ந்தார்கள். ஒருவர் தன் வீட்டு ஆட்டுக் கொட்டகை போனதைச் சொன்னார். இன்னொருத்தி, மழை பெய்தாலே தன் மகள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறாள் என்றாள். அவ்வளவு நாளும் ஒருவருக்கொருவர் உயிர் தப்பியதைச் சொல்லிச் சொல்லியே வாயை அடைத்து வைத்திருந்திருக்கிறார்கள்.

அவர் கிழங்கை எடுத்து முகர்ந்து பார்த்தார். மனைவி மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது எனக்குத் தெரிந்தது. கொஞ்சம் பிய்த்து வாயில் போட்டார். மென்றார். இன்னும் கொஞ்சம் எடுத்தார்.

"என்ன மாப்ளே, கெழங்கு மணக்குதா, ஏலக்காய் மணக்குதா?" என்று கேட்டார் பக்கத்து வீட்டுக்காரர்.

"ஒன் பொண்டாட்டி உப்பே போடல. எதுவும் மணக்கல."

"உப்புக்குப் போடிக்குத்தான் போகணும். கேத வீட்டுல வாய்க்கு ருசியா வேற கேக்குதாக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் முழுதாகச் சிரிக்கவில்லை. ஆனால் தாடிக்குள் என்னவோ அசைந்தது. அதோடு விடாமல் அவரே, "கேதம் கேட்டாச்சு, சோறும் போட்டாச்சு. அப்ப நாளைக்குக் காடாத்தும் பண்ணிற வேண்டியதுதான்" என்றார். எரித்த இடத்தில் மறுநாள் பால் ஊற்றும் சடங்குதான் காடாத்து.

"பாலுக்கு என் ஆடு இருக்கு," என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

விளையாட்டுப் பேச்சு என்றுதான் நான் நினைத்தேன். மறுநாள் விடிந்ததும் பார்த்தால் மதினி குளித்துவிட்டு, கையில் ஒரு செம்போடு நிற்கிறார். செம்பில் நுரையடங்காத ஆட்டுப் பால். அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று பேரும் வீட்டுக்குப் பின்னால் போனோம். அப்போதுதான் அந்தச் சரிவை நான் முழுதாகப் பார்த்தேன். மலையின் ஒரு பக்கத்துத் தோலை உரித்து எடுத்த மாதிரி இருந்தது. சிவப்பு மண். நடுவில் பெரிய பெரிய பாறைகள். மரங்கள் வேர் மேலே, தலை கீழே கிடந்தன. கீழே எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் வந்தது. அந்த இடத்தில் ஒரு மனுஷன் தனியாக நாள்தோறும் வந்து நின்றிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே ஓரத்திலிருந்து ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். மதினி வழக்கம்போல அவர் துண்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர் செம்பை வாங்கினார். மந்திரம் எதுவும் சொல்லவில்லை. குனிந்து மண்ணில் பாலை ஊற்றினார். பாதி ஊற்றியவர் நிறுத்திவிட்டுச் செம்புக்குள் பார்த்தார். மீதியை அண்ணாந்து குடித்துவிட்டார்.

"அடப் பாவி மனுசா!" என்றார் மதினி.

"நல்ல பாலுடி. ஏன் வீணாக்கணும்?"

வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவர் அப்படியே நின்றார். சேற்றுக்கு வெளியே பச்சையாக ஒரு இலை நீட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு நாள் அங்கே வந்து நின்றவர் கண்ணில் அது பட்டிருக்கவில்லை. மண்டி போட்டு உட்கார்ந்து கையால் மண்ணைப் பறித்தார். உள்ளே ஒரு ஏலத்தூர், கிழங்கும் வேருமாக, நசுங்காமல் இருந்தது. நகத்தால் கிழங்கைக் கீறி மூக்கருகில் கொண்டுபோனார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதை மூக்கிலிருந்து எடுக்கவில்லை.

"உசுரு இருக்கு," என்றார். "தம்பி, மம்பட்டியக் கொண்டா. வெரசா. வெயில் ஏறுனா வாடிப் போயிரும்."

ஓடிப் போய்க் கொண்டுவந்தேன். என் கையில் மண்வெட்டியைப் பார்த்ததும்தான் அவருக்கு என் ஞாபகம் வந்தது போலிருக்கிறது.

"ஒனக்கு என்ன சோலி போடியில?"

"ஒண்ணுமில்லண்ணே."

"அப்ப இரு. இப்பதைக்குச் சோறுதான் போட முடியும். ரோடு தெறந்ததும் அந்த நர்சம்மா சொன்ன டாக்டரையும் பாத்துட்டு வருவோம். நீயும் கூட வா. இவ தனியாக் கூட்டிட்டுப் போனா வழியெல்லாம் அழுதுக்கிட்டே வருவா."

"யாரு, நானா?" என்றார் மதினி. அப்போதும் அழுதுகொண்டுதான் இருந்தார். ஆனால் துண்டின் முனையை விட்டிருந்தார்.

நான் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மண்ணில் இறங்கினேன். சரிவின் ஓரத்தில் உயிரோடு கிடக்கும் ஏலத்தூர்களை வேர் அறாமல் தோண்டி எடுத்து, நிழலில் வரிசையாக வைத்து, ஈரச் சாக்கால் மூடுவதுதான் அன்று காலையில் எனக்குக் கிடைத்த வேலை. எத்தனையோ ஊரில் எத்தனையோ வேலை பார்த்தவன் நான், எதுவும் மனதில் நின்றதில்லை. ஆனால் யாரும் சாகாத வீட்டிலும் யாராவது ஒருவர் கையை நீட்ட வேண்டியிருக்கிறது என்பதை இன்றைக்கும் மழை அடித்து ஓய்ந்த ஊர்கள் வழியாக நடக்கும்போதெல்லாம் என் இரண்டு கைகளும் எனக்கு ஞாபகப்படுத்துகின்றன.